ஒன்பதாவது பாட்டில் இல்லாத பெயர்

என் மேசை இழுப்பறையில் ஓர் இறுவட்டு கிடக்கிறது. ஊரெல்லாம் சீடி என்றுதான் சொல்லும். என் கைதான் இறுவட்டு என்று எழுதும். இந்தப் பழக்கம் இந்தக் கதைக்கு வேண்டியது என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அட்டையின் முன்பக்கத்தில் கிற்றாரோடு ஓர் இளைஞன், அவனுக்குப் பின்னால் நீளமாகக் கிடக்கும் நெடுஞ்சாலை. பின்பக்கத்தில் பதினொரு பாட்டுகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் ஒழுங்காக இருக்கின்றன. ஒன்பதாவது பாட்டுக்கு நேரே மட்டும் ஆள் பெயர் இல்லை. ‘நாட்டுப்பாட்டு’ என்று ஒரே ஒரு சொல். யாரோ எப்போதோ பாடியது, வாய்வழியாக வந்தது, என்னுடையது என்று சொல்ல ஆள் இல்லாதது என்று அதற்குப் பொருள். அந்தப் பாட்டைக் கட்டியவர் அப்போது ஜேர்மனியின் ஹம் நகரில் என் வீட்டுக்கு மூன்று வீதி தள்ளி உயிரோடும் நல்ல சுகத்தோடும் இருந்தார். அந்தச் சொல்லை எழுதியவள் நான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏழெட்டு வருடங்கள் நான் ஹம்மில் ஒரு சலவை ஆலையில் வேலை செய்தேன். சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகளினதும் முதியோர் இல்லங்களினதும் படுக்கை விரிப்புகள் லொறி லொறியாக வந்து இறங்கும் இடம் அது. என் வேலை சூட்டு உருளை இயந்திரத்தில். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து உருளைக்குள் கொடுக்க வேண்டும்; மறுபக்கம் அது மடிந்து சுடச்சுட வரும். யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்தவள் என்ற செருக்கு மட்டும் அந்த உருளையிலும் தட்டையாகவில்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ச் சங்கம் நடத்திய தமிழ்ப் பள்ளியில் வகுப்பெடுத்தேன். ஐந்து நாளும் தொழிற்சாலையில் என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். ஆறாம் நாள் இருபது பிள்ளைகள் எழுந்து நின்று “வணக்கம் ரீச்சர்” என்பார்கள். அந்த இரண்டு சொல்லுக்காகவே நான் மற்ற ஐந்து நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அதை இழக்க நான் எதற்கும் தயாராக இருக்கவில்லை. எதற்கும் என்றால் எதற்கும்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஒன்பதாவது பாட்டைக் கட்டிய அண்ணை அந்த ஆலையின் லொறிச் சாரதி. மன்னார்க்காரர், வேதக்காரர், ஊரில் மாதா கோவில் பாடகர் குழுவில் கிற்றார் பழகியவர். எங்களுக்குள் அவருக்குப் ‘பாட்டுக்கார அண்ணை’ என்றுதான் பெயர். கிற்றாரைத் தோளில் மாட்டும் பட்டிக்குக்கூட அவர் கடைக்குப் போகவில்லை. லொறியில் சாமான் ஆடாமல் இறுக்கிக் கட்டும் செம்மஞ்சள் பட்டி ஒன்று கிழிந்து ஒதுங்க, நல்ல துண்டாக வெட்டி, ஆலையில் விரிப்புத் தைக்கும் பெண்ணிடம் கொடுத்து இரண்டு பக்கமும் தைத்து வாங்கிக்கொண்டார். “ஒரு தொன் பாரம் தாங்கிற பட்டி தங்கச்சி, என்ர பாட்டுப் பாரத்தைத் தாங்காதோ?” என்பார். சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார். தானும் சிரிக்க மாட்டார். முகத்தை ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்புகிறவர் போல வைத்துக்கொண்டே பகிடி விடுவார்.

அவர் பாடியது கன்ட்ரி, அமெரிக்கக் கிராமங்களில் பிறந்த இசை. அது அவருக்கு வந்த வழி விசித்திரமானது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு கிழ ஜேர்மன் சாரதியோடு பக்கத்து ஆசனத்தில் இருந்து பாதை பழகினார். அந்த மனிதர் நாள் முழுவதும் வாயே திறக்க மாட்டாராம்; அமெரிக்கக் கன்ட்ரிக் கசெற் ஒன்று முடிந்தால் இன்னொன்றைப் போடுவாராம். ஹம்மிலிருந்து சோஸ்ற், ஊனா, ஆலன் என்று சுற்றி வரும் அந்தப் பயணத்தில் அண்ணை ஜேர்மன் பேசப் பழகவில்லை, கன்ட்ரி கேட்கப் பழகினார். கிழவர் ஓய்வு பெற்றுப் போனபோது கசெற் பெட்டியை ஆசனத்துக்குக் கீழே விட்டுவிட்டுப் போனார். மறந்துபோய் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது அண்ணைக்குக் கடைசிவரை தெரியாது. கிற்றாரில் மூன்றே மூன்று சுருதிக் கட்டு, நேரான மெட்டு, ஒரு மனிதனின் கதை. கோவிலில் பாடியதை விட அது தனக்குக் கிட்டவாக இருந்தது என்றார். “கதை இல்லாமல் கன்ட்ரி இல்லை தங்கச்சி. ஆர் போனது, எங்க போனது, ஏன் திரும்பேல்லை. இந்த மூண்டும் இருக்கோணும். தொடங்கின கதையை நடுவில விட்டிட்டுப் போகக் கூடாது” என்பது அவர் எப்போதும் சொல்வது.

பதினைந்து நிமிட இடைவேளையில் சாமான் ஏற்றும் மேடை விளிம்பில் கால்களைத் தொங்கப் போட்டபடி பாடுவார். சூட்டில் வெந்து வெளியே வந்து நிற்கும் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள்தான் அவருடைய முதல் அவை. அதில் துருக்கிக்காரிகளும் போலந்துக்காரிகளும் உண்டு. எங்கள் வேலையைப் பற்றியே ஒரு பாட்டு வைத்திருந்தார். ஒரே விரிப்பில் திங்கட்கிழமை ஒரு பிள்ளை பிறக்கிறது, வியாழக்கிழமை ஒரு கிழவர் சாகிறார், இரண்டையும் நாங்கள் வெள்ளையாக்கித் திருப்பி அனுப்புகிறோம் என்று போகும் அது. தமிழில்தான் பாடினார். ஆனாலும் வியாழக்கிழமை வரும் இடத்தில் தமிழ் தெரியாத போலந்துக்காரி ஒருத்தி ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைப்பாள். நான் அவரிடம், “லொறி, கியர், பிளேட் எண்டு பாட்டில எத்தினை பிறமொழிச் சொல்லு அண்ணை, கொஞ்சம் திருத்தித் தரட்டோ?” என்று கேட்டேன். “வேண்டாம் தங்கச்சி. நான் லொறிதான் ஓடுறன், சரக்குந்து ஓடேல்லை” என்றார். அப்போதே வாயை மூடியிருக்க வேண்டும்.

அவருடைய பாட்டுகளில் எல்லோருக்கும் பிடித்தது அந்த நம்பர் பிளேட் பாட்டு. அகதியாக வந்த காலத்தில் அவருக்கு நகர எல்லையைத் தாண்டிப் போக அனுமதி இல்லை. பக்கத்து ஊரில் இருந்த சிநேகிதன் கலியாணத்துக்குப் போக விண்ணப்பம் கொடுத்து, மறுமொழி வருவதற்குள் கலியாணம் முடிந்துவிட்டது. வதிவிட அனுமதி கிடைத்து, லொறி ஓட்டத் தொடங்கிய பிறகு, ஹம் என்று எழுத்துப் போட்ட அந்த நம்பர் பிளேட் போகும் இடத்துக்கெல்லாம் அவரும் போனார். எந்தப் பொலிஸ்காரனும் அவரை எந்த நாடு என்று கேட்கவில்லை. லொறியின் தாளைத்தான் கேட்டான். அதைத்தான் பாட்டாகக் கட்டினார்.

‘நாடு எதெண்டு கேட்டவைக்கு
நம்பர் பிளேட்டைக் காட்டினன்;
வீடு எதெண்டு கேட்டவைக்கு
விளக்கெரியிற லொறியைச் சொன்னன்.’

இப்படித் தொடங்கி, மன்னாரில் காத்திருந்து காத்திருந்து கடைசியில் வேறு கலியாணம் செய்துகொண்ட ஒருத்தியிடம் போய் முடியும். அவரே அனுபவித்ததா என்று நான் கேட்டதில்லை.

முதலில் அவரை மேடை ஏற்றியவர்கள் ஜேர்மன்காரர்கள்தான். சோஸ்ற் பக்கத்தில் ஒரு கழகம் இருந்தது. வாரம் முழுவதும் வங்கியிலும் குழாய் வேலையிலும் இருக்கிற ஆட்கள் சனி ஞாயிறு தொப்பி, சப்பாத்து, இடுப்புப் பட்டி என்று அமெரிக்க மாடு மேய்ப்பவர்களாக மாறி, மரக் கொட்டில் கட்டி, வரிசையாக நின்று ஆடுவார்கள். அண்ணை அங்கே ஒரு கோடை முழுவதும் பாடினார். நன்றாகத்தான் வரவேற்றார்கள். செவ்விந்தியருக்கு ஜேர்மன் மொழியில் இந்தியானர் என்று பெயர். எங்கள் நிறத்தைக் கண்டதும் கழகத் தலைவருக்கு அந்தச் சொல்தான் வாயில் வந்தது. “எங்கள் இந்தியானர்” என்று அறிமுகப்படுத்தினார். தான் இந்தியரும் இல்லை, இந்தியானரும் இல்லை என்று அண்ணை இரண்டு முறை விளங்கப்படுத்தினார். மூன்றாவது முறை அவர்கள் அன்போடு ஒரு இறகுக் கிரீடம் வாங்கி வந்தார்கள். அதோடு அவர் போவதை நிறுத்திக்கொண்டார். “தொப்பி தந்தாங்கள், போட்டன். இறகு போட ஏலாது தங்கச்சி. எங்கட ஆக்களுக்கு முன்னால ஒருக்காப் பாடிப் பாக்கோணும். அவைக்கு என்னை ஆரெண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை எல்லோ” என்றார்.

கொலோன் நகரில் சங்கம் பெரிய விழா ஒன்று நடத்தியது. ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம்; எல்லோரும் ஏதோ நல்லது நடக்கப் போகிறது என்ற பூரிப்பில் இருந்தார்கள். ஒவ்வொரு நகரத்திலிருந்தும் ஒரு கலைஞரை அனுப்பச் சொன்னார்கள். ஹம்முக்குத் தமிழ்ப் பள்ளி ரீச்சர் என்ற முறையில் படிவம் என்னிடம் வந்தது. நான் அண்ணையின் பெயரை எழுதினேன். கலை வடிவம் என்ற இடத்தில் பேனா நின்றது. “கன்ட்ரி எண்டே போடுங்கோ தங்கச்சி, கேக்கிறவைக்குச் சொல்லுவம்” என்றார் அண்ணை. தமிழ் விழாவின் படிவத்தில் இங்கிலிஷ் சொல் எழுத என் கை இடம் கொடுக்குமா? கன்ட்ரி என்றால் நாடு. ஆக, ‘நாட்டுப்பாட்டுப் பாடகர்’ என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வாசிக்கிறவன் நாற்று நடுகிற பாட்டு என்று நினைப்பான், அல்லது நாட்டுக்கான பாட்டு என்று நினைப்பான். லொறிக்காரன் பாட்டு என்று உலகத்தில் ஒருவனும் நினைக்க மாட்டான். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் சொல்லிக் கொடுத்தவளுக்கு அது தெரியாமல் போனது. அந்த நேரத்தில் எதை அந்தச் சொல்லுக்குள் போட்டு வாசிப்பார்கள் என்று குழந்தைப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவர் மேடை ஏறினார். அழுத்தித் தேய்த்த வெள்ளைச் சட்டை, செம்மஞ்சள் பட்டி. “நாட்டுப் பாடல்களால் நம் நெஞ்சங்களை நிமிர வைக்க ஹம் நகரிலிருந்து வந்திருக்கும் பாடகர்” என்று அறிவிப்பாளர் முழங்க, மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் சிலர் எழுந்து நின்றே விட்டார்கள். அண்ணைக்கு அந்த மரியாதை விளங்கவில்லை. கூச்சத்தோடு தலையை ஆட்டினார். பிறகு பாடத் தொடங்கினார். நாடு எதென்று கேட்டவர்களுக்கு நம்பர் பிளேட்டைக் காட்டினார். முதலில் பின்வரிசையில் சிரிப்பு. பிறகு ஒரு முணுமுணுப்பு. முன்வரிசையில் நின்ற ஓர் அம்மா, “எங்கட பிள்ளையள் செத்தது நம்பர் பிளேட்டுக்கோ?” என்று கத்தினார். அவர் போராட்டத்துக்கு ஒரு மகனைக் கொடுத்தவர் என்று பிறகு சொன்னார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நாட்டுப்பாட்டு கேட்க வந்தவர். அதைத் தருவதாகக் கையெழுத்துப் போட்டவள் நான். ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். அண்ணை நிறுத்தவில்லை. தொடங்கிய கதையை நடுவில் விடக் கூடாது என்று, ஒலிவாங்கி இல்லாமலே, அந்தக் கூச்சலுக்குள் நின்று, மன்னார்ப் பெண்ணின் கலியாணம் வரைக்கும் பாடி முடித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

மேடைக்குப் பின்னால் சங்கச் செயலாளர் சிவந்த கண்ணோடு வந்தார். தமிழ்ப் பள்ளிகளும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. “ஆர் இந்த ஆளை அனுப்பினது? ரீச்சர், உங்கட ஊர் ஆள்தானே?” என்று கேட்டார். படிவம் அவர் கையில் இல்லை. அதில் என் கையெழுத்து இருப்பது அவருக்கு நினைவில்லை. எனக்குக் கண்ணுக்குள் அந்த இருபது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். “எனக்கு ஆளைத் தெரியாது. ஹம்மில இருக்கிறார் எண்டு மட்டும் தெரியும்” என்றேன். அவ்வளவுதான். சலவை ஆலையில் நின்று பழகியவள், சுத்தமாகக் கை கழுவினேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். செம்மஞ்சள் பட்டியின் ஒரு முனை தெரிந்தது.

ஹம்முக்குத் திரும்பும் ரயிலில் எதிரெதிரே இருந்தோம். அவர் கொண்டு வந்த பாண் துண்டில் பாதியை எனக்குத் தந்தார். கோபமா என்று கேட்டேன். “பசிக்குது எல்லோ, சாப்பிடுங்கோ” என்றார். நான் செயலாளரிடம் சொன்னதை அவர் கேட்டாரா, கேட்கவில்லையா என்று அந்தப் பயணம் முழுவதும் என் மனம் அடித்துக்கொண்டது. கேட்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்; அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. அதன்பிறகு தமிழ் மேடை எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. கோவில் ஒன்றுகூடலில்கூட, “அண்ணை, இந்த முறை சின்னப் பிள்ளையளை விடுவம்” என்று பல்லைக் காட்டினார்கள். ஆலை மேடையில் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அங்கேயும் வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைந்தது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடப் புத்தகம் வேம்பாகக் கசந்தது. வயல் தெரியாத, மாட்டு வண்டி தெரியாத பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை ஏதோ யோசனையில் அந்த நம்பர் பிளேட் பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பு எழுந்து ஆடியது. அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார்களிலும் அதே எழுத்துகள்தானே. வகுப்பின் மூத்த பையன் ஒருவன் கிற்றார் கொண்டு வந்தான். பாட்டை ஒரு தாளில் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஆக்கியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் மீண்டும் என் பேனா நின்றது. செயலாளர் மாதத்துக்கு ஒருமுறை வந்து பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்டிப் பார்ப்பார். அந்தப் பெயரைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாட்டையும் விட மனமில்லை. பெயருக்குப் பதிலாக ‘நாட்டுப்பாட்டு’ என்று எழுதினேன். முதல் தடவை எழுதியது மடத்தனம் என்று சொல்லித் தப்பலாம். இந்தத் தடவை பொருள் நன்றாகத் தெரிந்துதான் எழுதினேன். ஆசிரியர் இல்லாத பாட்டுக்கு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அந்தக் கிற்றார்ப் பையன் வளர்ந்து, தொழிற்பயிற்சி முடித்து, சேர்த்த சம்பளத்தில் இறுவட்டு வெளியிட்டான். அட்டையில் நிற்பவன் அவன்தான். நல்ல பிள்ளை, களவெடுக்கத் தெரியாதவன். ரீச்சர் தந்த தாளில் இருந்ததை அப்படியே அச்சடித்தான். ஒரு வரியை மட்டும் சங்கத்தில் திருத்திக் கொடுத்திருந்தார்கள்:

‘நாடு எதெண்டு கேட்டவைக்கு
நெஞ்சைத் தொட்டுக் காட்டினன்.’

வெளியீட்டு விழாவுக்கு அதே கொலோன் மண்டபம், அதே செயலாளர். மேடையில் மூன்றாவது ஆசனத்தில் நான், தோளில் பொன்னாடையோடு. நெஞ்சைத் தொட்ட இடத்தில் மண்டபமே எழுந்து கை தட்டியது. நெஞ்சைத் தொட்டுவிட்டு அடுத்த வரியில் ஏன் லொறியைக் காட்டுகிறான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் தட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணை சாமான் மேடைக்கு வந்தார். தமிழ்க் கடையில் வாங்கிய இறுவட்டு கையில் இருந்தது. விரலால் ஒன்பதாவது வரியைத் தொட்டார். “இது உங்கட சொல்லெல்லோ தங்கச்சி?” என்றார். ஓம் என்றேன். “பெடியனில பிழை இல்லை. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். இதை எடுத்திட்டு என்ர பேரைப் போடச் சொல்லுங்கோ. அந்த வரியையும் பழையபடி விடச் சொல்லுங்கோ. நெஞ்சைத் தொட்டால் கதை பிழைச்சுப் போகும்.” அவர் என்னிடம் ஏதாவது கேட்டது அந்த ஒரு தடவைதான். சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன், ஒப்புக்கு. பையன் பதறிப் போனான். “ரீச்சர், நீங்கள் தந்த தாளில பேர் இல்லையே. அடுத்த பதிப்பில மாத்துறன். ஆனால் சங்கத்துக்கு ஒரு பெவைஸ் வேணும். அவர்தான் எழுதினவர் எண்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ, போதும்” என்றான். பெவைஸ் என்றால் ஆதாரம். ஒரு கடிதம், நாலு வரி. அதை எழுதினால் அந்தத் தாளில் பெயரை மறைத்தவள் யார் என்பதும், கொலோன் படிவத்தை நிரப்பியவள் யார் என்பதும் சேர்ந்து வெளியே வரும். அடுத்த வாரம் என்றேன். அடுத்த மாதம் என்றேன். பிறகு ஊரில் மறுபடி சண்டை மூண்டு, வந்த செய்திகளில் எங்கள் எல்லோருக்கும் சோறு இறங்காமல் போனது. இந்த நேரத்தில் ஒரு பாட்டுக்குப் பெயர் கேட்பதா என்று எனக்கு நானே பெரிய மனுசி போலச் சொல்லிக்கொண்டேன். செத்தவர்களுக்காக நான் அழுதது உண்மை. அவர்களுக்குப் பின்னால் ஒளிந்ததும் உண்மை. அண்ணை ஒரு தடவைகூட நினைவூட்டவில்லை. சாமான் மேடையில் பாடுவதை அடியோடு விட்டுவிட்டார். செம்மஞ்சள் பட்டி திரும்பவும் லொறிக்குள் போய், துணிக் கூடைகளைக் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

இப்போது ஜேர்மனியில் எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்குப் போனாலும் ஒரு பிள்ளையாவது கிற்றாரோடு வந்து அந்த மாதிரிப் பாடுகிறது. மூன்று சுருதிக் கட்டு, நேரான மெட்டு, ஒரு கதை. ரயில் வண்டி பிந்தியதைப் பாடுகிறார்கள், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அம்மாவைப் பாடுகிறார்கள். ‘றோட்டுப் பாட்டு’ என்று அதற்கு ஒரு பெயர்கூட வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது இது என்று கேட்டால், எங்கள் மரபு என்கிறார்கள். அந்த மரபு ஹம்மில் ஏழரைத் தொன் லொறி ஓட்டியது என்று சொல்ல ஆள் இல்லை. இருந்த ஒரே ஆளும் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தாள்.

சென்ற வருடம் ஹம்மில் நடந்த போட்டியில் ‘நாட்டுப்பாட்டு’ என்று தனிப் பிரிவே வைத்திருந்தார்கள். கட்டாயப் பாட்டு எதுவென்று சொல்லத் தேவையில்லை. மூன்று நடுவர்களில் நான் மூத்தவள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. கிற்றார் அவளைவிடப் பெரிது. அதைத் தாங்கிய பட்டி செம்மஞ்சள். அவள் கணீரென்று, “நம்பர் பிளேட்டைக் காட்டினன்” என்று பாடினாள். பக்கத்து நடுவர் இடைமறித்து, “பிள்ளை, வரி அப்பிடி இல்லையே?” என்று கேட்டார். “எங்கட அப்பப்பா இப்பிடித்தான் பாடுறவர்” என்றாள். மண்டபம் சிரித்தது. செல்லமான சிரிப்புதான். இரண்டு நடுவர்களும் சொற்பிழை என்று புள்ளி குறைத்தார்கள். தாளை என் பக்கம் தள்ளினார்கள். அச்சடித்த வரி அவர்கள் பக்கம் இருந்தது. எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே நடைபாதையில் அவர் பேத்தியின் கிற்றாரை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் அழுதுவிட்டேன். “அண்ணை, நான் எல்லாத்தையும் எழுதப் போறன். உங்கட பேரைப் போட்டு, முழுக்க எழுதப் போறன்” என்றேன். அவர் அந்தப் படிவம் நிரப்பும் முகத்தோடு என்னைப் பார்த்தார்.

“எழுதுங்கோ, அது உங்கட விருப்பம். என்ர பேர் வேண்டாம்.”

“ஏன் அண்ணை?”

“கொலோனில என்னைத் தெரியாதெண்டு சொன்னீங்கள் எல்லோ. தெரியாத ஆளின்ர பேரை எப்பிடி எழுதுவியள் ரீச்சர்?”

அவர் என்னை ரீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிப் போனார்.

இழுப்பறையைத் திறந்து இறுவட்டை மேசையில் வைத்துக்கொண்டுதான் இவ்வளவையும் எழுதினேன். பேனா கையில் இருக்கிறது. ஒன்பதாவது வரியில் அந்தச் சொல்லை வெட்டிவிட்டுப் பெயரை எழுத அரை நிமிடம் போதும். அவர் கேட்ட காலத்தில் நான் எழுதவில்லை. இப்போது எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். முதலிலிருந்து திரும்பிப் படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அவர் பெயரும் இல்லை.